ஆரஞ்சு சட்டைக்காரி வந்துவிட்டாள்

ரோவீனா பெல்லட்டியர் எதையும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் ஏறுகிற ஆள் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மலைச் சாலைகளில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனி முழங்காலளவு கிடந்தாலும் சரி, மழை சாத்தினாலும் சரி, காலை ஐந்தரை மணிக்கு ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் சின்னச் சுத்தியலுமாக பஸ்ஸை வலம் வருவாள். டயரில் ஒரு தட்டு. எழுகிற சத்தத்தை வைத்தே காற்று போதுமா இல்லையா என்று சொல்லிவிடுவாள். விளக்கு, கண்ணாடி, கதவு, அடிப்பக்கத்து ஒழுகல் என்று எல்லாவற்றையும் பார்த்து, தாள் செருகிய அட்டையில் டிக் அடித்த பிறகுதான் சாவியைத் திருப்புவாள். புருஷன் கிளெமென்ட்டையும் கல்யாணத்துக்கு முன் இப்படித்தான் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள் என்று ஊரில் கேலி உண்டு. மனிதர் நாற்பது வருஷம் ரிப்பேர் இல்லாமல் ஓடினார். போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில் ஒரு நாள் அப்படியே நின்றுபோனார்.

அதற்குப் பிறகு குன்றின் மேலிருந்த வீட்டில் ரோவீனா மட்டும். சாலையிலிருந்து வீட்டு வாசலுக்குக் கால் மைல். குளிர்காலத்தில் அந்தக் கால் மைலுக்கும் பனி தள்ள வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, முதுகு வலித்தால் மாத்திரை இருக்கிறது. அவளைத் தின்றது அந்த நிசப்தம்தான். முப்பத்தொரு வருஷம் முதுகுக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவன் அழுவான், ஒருத்தி பாடுவாள், இன்னொருவன் பக்கத்து ஸீட்டுக்காரனின் தொப்பியை ஜன்னலுக்கு வெளியே எறிவான். "வாய மூடுங்கடா!" என்று கத்தாத நாளில்லை. இப்போது வாயை மூட ஆளே இல்லை. ரேடியோவைக் காலையில் போட்டால் படுக்கப் போகிற வரை அணைக்கமாட்டாள். விலைவாசி, வானிலை, எதுவாக இருந்தாலும் சரி, யாராவது பேசினால் போதும்.

குன்று வீட்டை விற்றாகிவிட்டது. மே முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். மகள் டெனீஸ் தான் வேலை பார்க்கும் நகரத்திலேயே மூன்றாவது மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருந்தாள். முதியவர்களுக்கான கட்டடம், லிஃப்ட் உண்டு, தாழ்வாரம் முழுக்கக் கம்பளம். ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று சொல்வார்களே, அங்கே அதுகூடக் கேட்காது, கம்பளத்தில் விழும். ரோவீனா போய்ப் பார்த்தாள். ஒரு கதவு திறந்தது, ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துப் புன்னகைத்தாள், கதவு மூடியது. அவ்வளவுதான். இங்கே வந்தால் நான் செத்து மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று ரோவீனாவுக்குத் தோன்றியது. பயந்துபோனாள். மகளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று டெனீஸ் சொல்லியிருந்தாள்.

அந்த வாரம்தான் மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில் அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்தாள். நடுங்கிய கையெழுத்து. "ஆல்டர் ஓடை பார்க்கில் டிரெய்லர் வீடு விற்பனைக்கு. இரண்டு படுக்கையறை. கூரை புதிது. அக்கம்பக்கம் சத்தம். பொறுக்கமாட்டாதவர்கள் கூப்பிட வேண்டாம்." ரோவீனா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சீட்டையே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

போனை எடுத்தவர் ஓரின் என்ற எண்பது வயதுக்காரர். மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டாராம்.

"மறைச்சு விக்க எனக்குத் தெரியாதும்மா," என்றார். "வீடு நல்ல வீடு. ஆனா அங்க பகல்ல கண்ண மூட முடியாது. நாய் குலைக்கும், பிள்ளைங்க கத்தும், எதுத்த வீட்டுக்காரன் எப்பப் பாத்தாலும் லாரி எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு உறுமவிட்டுக்கிட்டு இருப்பான். கோழி வேற."

"கோழியுமா?" என்றாள் ரோவீனா. அவள் குரல் ஏறியதை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

"பொய் சொல்லக் கூடாது பாருங்க. சாவி பூ இல்லாத பூத்தொட்டிக்கு அடியில இருக்கு. நீங்களே போய்ப் பாருங்க. இன்னொருத்தரும் கேட்டிருக்காரு, ஞாயித்துக்கிழமை அவருக்குப் பதில் சொல்லணும்."

டிரெய்லர் பார்க் என்றால், சக்கரத்தில் இழுத்து வந்த வீடுகளை வாடகைத் தரையில் வரிசையாக நிறுத்திய குடியிருப்பு. டெனீஸுக்கு விஷயம் தெரிந்ததும் போனிலேயே குதித்தாள்.

"அம்மா, டிரெய்லர் பார்க்கா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வீடுதான் உன்னுது, தரை பார்க் முதலாளியோடது. மாசாமாசம் தரைக்கு வாடகை குடுக்கணும். நாளைக்கு அவன் ஏத்துவான். இல்ல, இடத்தையே வித்துட்டுப் போவான். அப்ப வீட்டத் தலையில தூக்கிக்கிட்டு எங்க போவே?"

"சக்கரம் இருக்குமேடி."

"சக்கரமாம்! அதெல்லாம் எந்தக் காலத்துலயோ கழட்டி வித்திருப்பாங்க. ஆழம் தெரியாம கால விடாத, சொல்லிட்டேன்."

"கால விடறதுக்கு முன்னாடி குச்சி விட்டுப் பாக்கறேன். போதுமா?"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரோவீனா ஆல்டர் ஓடை பார்க்கின் வாசலில், தபால் பெட்டிகள் வரிசையாக நின்ற இடத்தில், காரை நிறுத்தினாள். விற்கிறவர் வாய் என்ன சொன்னாலும் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. பழைய வழக்கப்படி, ஒளி பட்டால் பளபளக்கும் ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டாள். மே மாதம், கருப்பு ஈ மொய்க்கிற காலம்; காதைக் கடித்து ரத்தம் வரவழைத்துவிடும். அதனால் தொப்பிக்கு மேல் கழுத்து வரை வலையை இழுத்துவிட்டாள். அட்டை, பென்சில், டார்ச், சுத்தியல். பஸ்தான் இல்லை, மற்றபடி எல்லாம் பழையபடிதான். நடந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ரோவீனாவுக்கு அது தெரியாது. ஆல்டர் ஓடை பார்க்கை ஆறு மாதத்துக்கு முன்தான் எங்கோ தூர மாநிலத்துக் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. வாங்கிய கையோடு நாற்பத்தோரு வீட்டுக்கும் ஒரு கடிதம். துணி காயப்போடக் கயிறு கூடாது. வீட்டுக்கு ஒரு நாய்தான். இரண்டு வண்டிக்கு மேல் கூடாது. கோழி அறவே கூடாது. வசந்த காலத்தில் முன்னறிவிப்பின்றி எங்கள் ஆள் சோதனைக்கு வருவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்படியிருக்க, ஆரஞ்சு சட்டையும் அட்டையும் சுத்தியலுமாக, முகத்தை வலையில் மூடிக்கொண்டு ஒரு உருவம் வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போன் போயிற்று. "ஆரஞ்சு சட்டைக்காரி வந்துட்டா!" ரோவீனா முதல் விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதற்குள் செய்தி கடைசி வீட்டைத் தொட்டுவிட்டது.

ஆக, ரோவீனா பார்த்த ஆல்டர் ஓடை பார்க் அதன் வரலாற்றிலேயே மிக ஒழுக்கமான பார்க்.

சாலையில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டுப் பின்புறத்திலும் இரண்டு கம்பம் நின்றது, நடுவில் கயிறு இல்லை. பாதை நடுவே ஒரு பந்து கிடந்தது, அதை உதைக்கப் பிள்ளை இல்லை. ஒரு படிக்கட்டில் நாய்ச் சோற்றுக் கிண்ணம் மூன்று இருந்தது, நாய் ஒன்றுகூட இல்லை. அங்கங்கே திரைச்சீலை அசைந்தது. இவள் திரும்பிப் பார்த்தால் நின்றுவிட்டது. சத்தம் தேடி வந்த ரோவீனாவுக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் வேலையை விடவில்லை. இரண்டாவது வளைவில் சாலைப் பள்ளத்துக்குள் சுத்தியலை நட்டு ஆழம் பார்த்தாள். கைப்பிடி முழுசும் உள்ளே போயிற்று. எழுதினாள். ஏழு விளக்குக் கம்பத்தில் நான்கில் பல்பு உடைந்திருந்தது. எழுதினாள். சாக்கடை மூடியைத் தட்டினாள், விரிசல் சத்தம். பன்னிரண்டாம் எண் வீட்டு மேல் மின்கம்பம் சாய்ந்திருந்தது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஓரினின் வீடு பத்தொன்பதாம் எண். அடிப்பக்கத்தை மறைத்த தகட்டைக் கழற்றி, வயிறு மண்ணில் படப் படுத்து டார்ச்சை அடித்தாள். சிமெண்ட் கட்டைகள் நேராக நின்றன. குடிநீர்க் குழாய் உறையாமலிருக்கச் சுற்றும் சூட்டு ஒயர் புதிதாக இருந்தது. அச்சு இருந்தது; சக்கரம் இல்லை. டெனீஸ் சொன்னது சரிதான். தரைச் சட்டங்களைத் தட்டிக்கொண்டே போனாள். எல்லாம் கெட்டி. உள்ளே போய்க் குழாயைத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை நிமிஷம் என்று பார்த்தாள். தண்ணீர் சோம்பேறித்தனமாக வந்தது. எழுதினாள். வீடு என்னவோ பிடித்துவிட்டது. சமையலறை ஜன்னல் நேராகப் பாதையைப் பார்த்தது. அங்கே நின்றால் போகிற வருகிற எல்லாரையும் பார்க்கலாம், யாராவது போனால் வந்தால்.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் படியில் ஒரு பெண் நின்றாள். அறுபது வயதிருக்கும், தடித்த உடம்பு, இழுத்துக் கட்டிய சிரிப்பு. அவள் லுவெல்லா.

"எல்லாம் சரியா இருக்குங்களா மேடம்?"

"இங்க எப்பவுமே இப்படித்தானா? இவ்வளவு அமைதி?"

"எப்பவுமே மேடம். மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காது. நாங்க எல்லாரும் விதிக்குக் கட்டுப்பட்டவங்க."

"பிள்ளைங்க?"

"இருக்கு மேடம், உள்ள இருக்கு. படிக்குது."

"சனிக்கிழமையா?"

"விரும்பிப் படிக்குது."

ரோவீனாவின் மனதில் கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வலைக்குள்ளிருந்து கேட்டாள்: "கோழி? கோழி எதுவும் இல்லியா?"

லுவெல்லாவின் முகம் வெளுத்தது. "கோழியா? சத்தியமா சொல்றேன் மேடம், கோழின்னா எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது."

அந்த நேரத்தில் லுவெல்லாவின் ஆறு கோழியும் எதிர்வீட்டு பெர்லியின் லாரியில், டிரைவர் ஸீட்டில், போர்வைக்கு அடியில் இருந்தன. பெர்லி அவற்றின் மேல் சாய்ந்து தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு கிராமத்தையே மறைத்துவிட்டார்கள்.

ரோவீனா காருக்குள் உட்கார்ந்து வலையைக் கழற்றி ஓரினைக் கூப்பிட்டாள்.

"நீங்க பொய் சொல்லிட்டீங்க."

"நானா? கூரை புதுசுதான்மா."

"கூரை சரி. வீடு முதல் தரம். சத்தம் எங்கே? ஒரு நாய் இல்ல, ஒரு குஞ்சு குளுவான் இல்ல. சுடுகாடு மாதிரி இருக்கு."

"அறுபது வருஷம் வித்து வாங்கியிருக்கேன்," என்றார் ஓரின். "சத்தம் இல்லைன்னு சண்டைக்கு வந்த முதல் ஆளு நீங்கதான்."

"எனக்கு வேணாம். மன்னிச்சிடுங்க."

"சரிம்மா. அப்ப நான் அந்த இன்னொருத்தருக்குச் சொல்லிடறேன்."

வண்டியைக் கிளப்பினாள். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காபி வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முன்பணம் கட்டச் சொல்லி டெனீஸிடம் சொல்லிவிட வேண்டியதுதான். கம்பளத்தில் நடந்து பழகிக்கொள்ள வேண்டியதுதான். அறுபத்தாறு வயதில் அழுவது அசிங்கம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கைக்குட்டையை எடுக்கப் பையில் கை விட்டபோதுதான் தெரிந்தது, சுத்தியல் இல்லை. ஓரின் வீட்டுப் படியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வீடு போனால் போகிறது, முப்பத்தொரு வருஷச் சுத்தியலை அங்கே விட்டு வர முடியுமா? காரைத் திருப்பினாள்.

திரும்பி வந்து சேர்ந்தபோது மணி நாலரை. தபால் பெட்டிகளைத் தாண்டுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப் பலகையைத் திரும்பப் படித்தாள். ஆல்டர் ஓடைதான். கம்பத்துக்குக் கம்பம் கயிறு. கயிறு தெரியாமல் துணி. யாருடையதோ நீள உள்ளாடை காற்றில் கால் உதைத்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் அந்தப் பந்துக்காகக் கொலைவெறியோடு ஓடினார்கள். மூன்று நாய் அவர்களை விரட்டியது, நாலாவது நாய் அந்த மூன்றையும் விரட்டியது. பெர்லியின் லாரி எஞ்சின் உறுமி, இருமி, நின்று, மறுபடி உறுமியது. அதன் நடுவே ஒரு கோழி, பாதை நடுவே, தனக்கே சொந்தம் போல நடந்து போயிற்று.

இரண்டு பாதை சேருமிடத்தில் மேசை போட்டிருந்தார்கள். நாள் முழுக்க அடுப்பில் வெல்லப்பாகு விட்டு வெந்த பயறு, பெரிய மண்பானையில். அதை லுவெல்லா கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். சட்டையும் வலையும் காரிலேயே இருந்ததால் ரோவீனா இப்போது நரைத்த கூந்தலும் நீலக் கம்பளிச் சட்டையுமாக இருந்தாள். லுவெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைத் தேடறீங்கம்மா? சாப்பிடறதுன்னா தட்டு அங்க இருக்கு."

ரோவீனா சுற்றிலும் பார்த்தாள். "இங்க... ஏதாவது விசேஷமா?"

"சனிக்கிழமைன்னா பார்க்குல எல்லாருக்கும் பயறுதானே. ஆனா இன்னிக்கு கொஞ்சம் கூடுதல் குஷி. காலைல பீடை ஒண்ணு வந்துட்டு ஒழிஞ்சுது. கம்பெனி ஆளு. ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு, சுத்தியல எடுத்துக்கிட்டு, என்னமோ நாங்க புதையல் பொதச்சு வச்ச மாதிரி ஊரெல்லாம் தட்டிக்கிட்டு அலைஞ்சா."

"அப்படியா?"

"அப்படியான்னா கேக்கறீங்க! ஓரின் வீட்டுக்கு அடியில படுத்துக்கிட்டு உள்ள பாக்கறா. வயசுக்கு ஏத்த வேலையா அது? மூஞ்சிய வேற வலையில மூடியிருந்தா. தொறந்தா பக்கத்துல இருக்கிற பால் திரிஞ்சிடும்னு பயமோ என்னவோ."

ரோவீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ரொம்பப் பொல்லாதவளோ?"

"பின்னே? என்னைப் பாத்து நேருக்கு நேரா கேக்கறா, 'கோழி இல்லியா?'ன்னு. எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு."

அதற்குள் கிரீஸ் கையோடு பெர்லி வந்தார். ஒல்லியான நெட்டை மனிதர். தாடியில் இன்னும் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. "ஏய் லுவெல்லா, இத எங்கயாவது பத்திரமா வை. அந்த ராட்சசி விட்டுட்டுப் போன சுத்தியல். அதுக்கும் ஒரு கடுதாசி போடுவா."

"குடுங்க," என்று ரோவீனா கையை நீட்டினாள். "அது என்னோடது. கைப்பிடியில ஆர்.பி.ன்னு செதுக்கியிருக்கும், பாருங்க."

பெர்லி கைப்பிடியைப் பார்த்தார். ரோவீனாவைப் பார்த்தார். லுவெல்லாவின் கரண்டி பானைக்குள் விழுந்தது. பந்து விளையாடிய பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். ஒரு சிறுமி ஓடிப்போய் நடுப்பாதையில் நின்ற கோழியின் மேல் தன் தொப்பியைக் கவிழ்த்து, அதன் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயையோ, நான் கம்பெனி ஆளு இல்லம்மா," என்றாள் ரோவீனா. "ரிட்டயரான ஸ்கூல் பஸ் டிரைவர். ஓரின் வீட்ட வாங்கலாமான்னு பாக்க வந்தேன். எதையும் தட்டிப் பாத்துத்தான் எனக்குப் பழக்கம்."

"அப்ப கோழி இருக்கான்னு கேட்டது?"

"இருந்தா நல்லாயிருக்குமேன்னு கேட்டேன்."

முதலில் சிரித்தது பெர்லி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரி டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மணி நேரம்மா! ரெண்டு மணி நேரம் ஆறு கோழி மேல படுத்திருந்தேன்! ஒண்ணு முட்டை வேற போட்டுச்சு!" லுவெல்லா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "பால் திரியும்னு வேற சொல்லிட்டேனே, பாவி நான்!" என்று அவள் கத்தியது பார்க் முழுக்கக் கேட்டது. ரோவீனாவும் சிரித்தாள். கிளெமென்ட் போன பிறகு இப்படிச் சத்தமாகச் சிரித்தது அவளுக்கு ஞாபகம் இல்லை.

சிரிப்பு அடங்கியதும்தான் ஞாபகம் வந்தது. வீட்டை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதே! போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அழைப்பை வெட்டிவிட்டு மறுபடி அடித்தாள். நாலாவது தடவை ஓரின் கொட்டாவி விட்டுக்கொண்டு எடுத்தார்.

"ஓரின், அந்த இன்னொருத்தருக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்னு உக்காந்தேன். இங்க மகன் வீட்டுல ரொம்ப அமைதியா இருந்துச்சா, அப்படியே தூங்கிட்டேன். ஏம்மா?"

ரோவீனா பதில் பேசாமல் போனை உயர்த்திப் பிடித்தாள். நாய்கள் அதைப் புரிந்துகொண்ட மாதிரி ஒன்றாகக் குலைத்தன. பெர்லி ஓடிப்போய் எஞ்சினை ஒரு உறுமு உறும வைத்தார்.

"அட, எல்லாம் இருக்குதே," என்றார் ஓரின். "லுவெல்லாவ நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"வீடு எனக்குத்தான். நாளைக்குக் காலைல வந்து கையெழுத்துப் போடறேன்."

ஆனால் தட்டில் பயறு விழுந்ததும் லுவெல்லாவே குறுக்கே விழுந்தாள். நல்ல மனுஷி, மறைக்கத் தெரியாதவள், கோழியைத் தவிர. "அவசரப்படாதீங்க ரோவீனா. இன்னிக்கு நாங்க ஓடி ஒளிஞ்சத பாத்தீங்கல்ல? அதையும் யோசிங்க. தரை நம்மளுது இல்ல. புதுசா இடத்த வாங்கின கம்பெனிக்காரன் வந்ததுமே வாடகைய ஏத்திட்டான். இன்னும் ஏத்தலாம். வீட்ட நகத்திக்கிட்டுப் போயிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. இத இழுத்தா கூரை ஒரு பக்கம் வரும், தரை ஒரு பக்கம் வரும்."

"அடியில பாத்துட்டேன். சக்கரம் இல்ல."

"தெரிஞ்சேவா?"

ரோவீனா ரொட்டியால் தட்டைத் துடைத்தபடி யோசித்தாள். வாடகை எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு, தண்ணீருக்கும் குப்பைக்கும் தனியாகவா, பனி யார் தள்ளுவது, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அட்டையில் எழுதிக்கொண்டாள். தன் பென்ஷனோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இடிக்கும், ஆனால் மூழ்கடிக்காது. பிறகு சொன்னாள்: "பஸ்ஸும் என்னோடது இல்ல. ரோடும் என்னோடது இல்ல. முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். உள்ள இருந்த சத்தம் மட்டும் என்னோடதா இருந்துச்சு. எனக்கு அது போதும்."

கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்து, மே இருபத்தெட்டாம் தேதி குடியேறினாள். சாமான் இறக்கப் பெர்லியின் லாரிதான். ஸீட்டில் இறகு இருந்தது.

கம்பெனியின் உண்மையான ஆள் ஜூன் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். பிரெண்ட் என்று பெயர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் புத்தம்புது அட்டை. போன் சங்கிலி வேலை செய்தது. கயிறுகள் இறங்கின, நாய்கள் மறைந்தன. பெர்லி இந்த முறை படுக்க மறுத்துவிட்டதால் ஆறு கோழியும் ரோவீனாவின் குளியல் தொட்டிக்கு வந்து சேர்ந்தன. அவள் குளியலறைக் கதவைச் சாத்தினாள். ஆணியில் தொங்கிய ஆரஞ்சு சட்டையை எடுத்து மாட்டினாள். அட்டையை எடுத்தாள். பாதை நடுவே போய் நின்றாள்.

சட்டையைப் பார்த்ததும் பிரெண்ட் தானாகவே நிமிர்ந்து நின்றான். "மேடம், நீங்க... தலைமை ஆபீஸா? யாரோ வரப்போறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியே."

"நான் மே மாசமே பாத்து முடிச்சிட்டேன் தம்பி," என்றாள் ரோவீனா. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. "இந்தா. இருபத்துமூணு குறை. தேதி, எடம், அளவு எல்லாம் இருக்கு."

அவன் படித்தான். சாலைப் பள்ளம், சுத்தியல் கைப்பிடி முழு ஆழம். விளக்கு நான்கு எரியவில்லை. சாக்கடை மூடி விரிசல், குழந்தை கால் விட்டால் உள்ளே போகும். மின்கம்பம் பன்னிரண்டாம் எண் வீட்டு மேல் சாய்வு, அடிக்கோடு. வாளி நிரம்ப எடுக்கும் நேரம். படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது.

"மேடம், இதெல்லாம் கம்பெனி செய்ய வேண்டிய வேலை."

"ஆமா."

"குடியிருக்கிறவங்க மீறல் எதுவும்...?"

"என் தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல."

அப்போது ரோவீனாவின் குளியலறை ஜன்னலிலிருந்து நீளமாக ஒரு கொக்கரிப்பு வந்தது. முட்டை போட்ட பெருமை. திரைச்சீலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அசைவதை நிறுத்தின. பிரெண்ட் தலையைத் திருப்பினான்.

"அது... கோழியா?"

"மின்கம்பத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்," என்றாள் ரோவீனா, ஐம்பத்திரண்டு பிள்ளைகளை உட்கார வைத்த அதே குரலில். "அது விழுந்தா உள்ள இருக்கிறவங்க என்ன ஆவாங்கன்னு பேசிக்கிட்டு இருந்தோம். அந்தத் தாளுக்கு ஒரு நகல் எங்கிட்ட இருக்கு. நீ வாங்கிக்கிட்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடு. தேதியும் போடு."

அவன் போட்டான். போட்ட பிறகுதான் கேட்டான்: "மேடம், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"பத்தொன்பதாம் நம்பர் வீடு."

பத்து நாளில் சரளை லாரி வந்து பள்ளத்தை மூடியது. மின்கம்பம் நேரானது. விளக்கில் இரண்டு எரிந்தது. மற்ற இரண்டுக்காக ரோவீனா வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறாள். துணிக்கயிறு கூடாது என்று கம்பெனியும் இன்னொரு கடிதம் போட்டது. எல்லாரும் படித்தார்கள், துணியும் காய்ந்தது. இது ஒன்றும் முடிந்துபோன சண்டை இல்லை. அடுத்த வசந்தத்தில் யாரை அனுப்புவார்களோ, வாடகையை எவ்வளவு ஏற்றுவார்களோ, அது ரோவீனாவுக்கும் தெரியும். அதற்கும் ஒரு தாள் ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெனீஸ் கூப்பிட்டாள். ரோவீனா சமையலறை ஜன்னலோரம் நின்று எடுத்தாள். ரேடியோ இன்னும் பெட்டியிலேயே இருந்தது, பிரிக்க நேரமில்லை.

"அம்மா, என்ன அங்க ஒரே இரைச்சலா இருக்கு? நீ பேசறதே கேக்கல. எங்க, கடைத்தெருவுல இருக்கியா? வீட்டுக்குப் போனதும் கூப்பிடு."

"வீட்டுலதான்டி இருக்கேன்," என்றாள் ரோவீனா.